தலையில் சுமந்த வெளிச்சம் முகத்தில் விழட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து திருவண்ணாமலை என்றொரு ஊர் உண்டு. கிரிவலம் போகும் திருவண்ணாமலை அல்ல; சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும் ஊர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்பதால், பொழுது முழுதாகச் சாயும் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் வெளுப்பாக இருக்கும். தரையில் நிழல் இறங்கிவிடும். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் போன நம் மக்கள் பலர், அந்த நிழல் இறங்கிய பிறகுதான் வீடு வந்து சேர்கிறார்கள்.

பகல் வெளிச்சத்தில் அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும்போது வெளிச்சம் இருப்பதில்லை. நம் வீடுகளில் பெரியவர்களின் நல்ல புகைப்படம் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில மாதங்களுக்கு முன் மலையடிவாரக் காலனி ஒன்றில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடினால், வாக்காளர் அட்டையில் இருந்த சின்னப் படம் மட்டும்தான் கிடைத்தது. கடையில் அதைப் பெரிதாக்கி, முகத்தை வெளுப்பாக்கி அச்சடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் படிக்கும் பேரன் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இது யாரு? நம்ம அப்பத்தா இல்லையே!” என்றான். நாங்கள் அங்கேதான் நின்றிருந்தோம். எங்களிடம் பதில் இல்லை. பிறகு கடைக்காரத் தம்பியிடம் கேட்டோம். “கறுப்பா இருந்தா நல்லா இருக்காதுண்ணே, அதான் கொஞ்சம் கலர் ஏத்துனேன்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் நம்மை உறுத்தியது. கார்மேக வண்ணனைக் கும்பிடுகிற ஊரில், களத்து மேட்டில் கறுத்த முகத்தை மட்டும் வெளுத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கல்யாண ஊர்வலங்களையும் சாமி ஊர்வலங்களையும் நினைத்துப் பாருங்கள். மின்விளக்கு வண்டிகள் வருவதற்கு முன், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வரிசையாக நடந்தவர்கள் யார்? கூலிக்கு வந்த ஏழைப் பெண்களும் பிள்ளைகளும். வெளிச்சம் மாப்பிள்ளை முகத்தில் விழும். சுமந்தவர் முகம் விளக்கின் அடியிலேயே இருண்டு கிடக்கும். வெளிச்சத்தைச் சுமப்பது ஒருவர், அது எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது வேறொருவர். புகைப்படத்திலும் நெடுங்காலம் இதே கதைதான்.

இன்று அந்த முடிவு நம் கைக்கு வர வழி இருக்கிறது. கேமராவின் தலையில் மாட்டாமல், தனியாக ஒரு தாங்கியில் நிறுத்திப் பயன்படுத்தும் கையடக்க ஃப்ளாஷ் விளக்குகளைத்தான் சொல்கிறோம். மின்கலத்தில் இயங்குபவை, தோள்பையில் அடங்குபவை. கேமராவின் மேல் ஒரு சிறு டிரிக்கர் இருக்கும். பட்டனை அமுக்கியதும் அது ரேடியோ அலை மூலம் தகவல் அனுப்பும். தள்ளி நிற்கும் விளக்கு அந்த நொடியில் மின்னும். சாதாரண விளக்குகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. ஸ்டூடியோ இல்லாத, மின்சாரம் போய்ப் போய் வருகிற காலனிக்குள்ளும் இவற்றை எடுத்துப் போகலாம்.

ஏன் தள்ளி வைக்க வேண்டும்? கேமராவின் மேலிருந்து நேராக அடிக்கும் ஃப்ளாஷ், முகத்தைத் தட்டையாக்கும். கறுத்த தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மினுங்கி, நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாகும்; கண்ணும் கன்னமும் இருட்டில் போகும். விளக்கைச் சுமார் 45 பாகை பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே வைத்து, வெள்ளைக் குடை வழியாக ஒளியைப் பரவ விட்டால் கதை மாறும். கன்னத்து எலும்பும் நெற்றிச் சுருக்கமும் தெரியும். கறுப்புக்குள் இருக்கும் செம்மையும் பழுப்பும் தெரியும். கறுத்த முகத்துக்குத் தேவை வெளுப்பு அல்ல. நல்ல இடத்திலிருந்து வரும் பெரிய, மென்மையான ஒளி.

படம் எடுக்கப் பழகும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். மாலை ஐந்தரை மணிக்கு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்; பின்னால் மலையும் வானமும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் விநாடியில் 200இல் ஒரு பங்கு, அப்பர்ச்சர் எஃப் 5.6 என்று தொடங்குங்கள். வானம் நன்றாக வரும். அப்பத்தா நிழலுருவமாக இருப்பார். இப்போது விளக்கை எட்டடி தூரத்தில் நிறுத்தி எடுங்கள். முகத்துக்கு ஒளி போதவில்லையா? நாலடிக்குக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். இது இயற்பியல் பாடத்தில் வரும் அதே எதிர் இருமடி விதி. வானம் இன்னும் வெளிச்சமாக வேண்டுமென்றால் ஷட்டரின் வேகத்தைக் குறையுங்கள். அது முகத்தில் விழும் ஃப்ளாஷ் ஒளியை மாற்றாது, ஏனென்றால் ஃப்ளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்னி முடிந்துவிடும். பல கேமராக்களில் 200 அல்லது 250இல் ஒரு பங்கு விநாடிக்கு மேல் வேகம் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், கவனம்.

இன்னொன்று. கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளைச் சேலையோ வெள்ளை வேட்டியோ படத்தில் நிறைந்திருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அடி வாங்குவது கறுத்த முகம்தான். எனவே மானியை நம்பாமல், எடுத்த படத்தில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் குடையோடு தாங்கி சாய்ந்துவிடும். அதன் அடியில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கருவிகளுக்கும் நிறப் பாகுபாடு உண்டா என்று சிலர் கேட்கலாம். கோடாக் நிறுவனம் 1950களில் இருந்து, வண்ணப் படங்களை அச்சிடும்போது நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே ‘ஷர்லி அட்டை’ என்று பெயர் வந்தது. அந்தப் பெண்ணின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுப்பின மக்களின் முகங்கள் விவரமின்றி இருண்டன. பிற்பாடு பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி பிலிம் மேம்பட்டதற்கு, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் விளம்பரப் படங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் ஒரு காரணம் என ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். மனிதத் தோலுக்குக் கிடைக்காத அக்கறை மரப்பலகைக்குக் கிடைத்தது.

ஃப்ளாஷின் வரலாற்றிலும் நமக்குப் பாடம் உண்டு. 1887இல் ஜெர்மனியில் மெக்னீசியத் தூள் கொண்டு மின்னல் ஒளி உண்டாக்கும் முறை வந்தது. நியூயார்க் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் அதை எடுத்துக்கொண்டு, நள்ளிரவில் ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். இருட்டில் திடீரென்று வெடித்த வெளிச்சத்தில் திகைத்து விழித்த முகங்கள் 1890இல் புத்தகமாயின. அது குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர்களிடம் பல நேரம் யாரும் அனுமதி கேட்கவில்லை. வறுமைக்குச் சாட்சியானார்கள், பெயர் இல்லாமல் போனார்கள். தேர்தல் நேரத்திலும், கொடுமை நடந்த பிறகும் மட்டும் நம் தெருவுக்குள் வரும் கேமராக்களைப் பார்க்கும்போது ரீஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

இதற்கு மாற்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன். மலக்குழிக் கொடுமையைச் சொன்ன ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து படமெடுத்து வருபவர். தன் தாயின் உழைப்பையும் படக்கட்டுரையாக்கியிருக்கிறார். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் இவர்தான். மும்பைத் தூய்மைப் பணியாளர்களை ஆண்டுக்கணக்கில் உடனிருந்து படமெடுத்த சுதாரக் ஓல்வே 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். நள்ளிரவில் நுழைந்து ஓடியவர்கள் அல்லர் இவர்கள். திரும்பத் திரும்பப் போய்ப் பழகி, முகத்துக்குரிய மரியாதையோடு எடுத்தவர்கள்.

எனவே விளக்கு வாங்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வேண்டுகோள்கள். முதலில் கேளுங்கள், பிறகு விளக்கை ஏற்றுங்கள். ‘ஒருமுறை மின்னும், கண் கூசும்’ என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாகப் பரப்புவதும் குற்றமே. வெளிச்சம் குறைந்த படத்தைக் கணினியில் சற்றுத் தெளிவாக்குவது தவறில்லை. தோலின் நிறத்தையே மாற்றுவது வேறு. அதைச் செய்யாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரே கேட்டாலும் ஒருமுறை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நல்ல ஒளியில் எடுத்த கறுத்த முகத்தைப் பார்த்த பிறகு பலர் மனம் மாறுவார்கள்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் சிலர், இரவல் வாங்கிய ஒரு விளக்கையும் ஒரு குடையையும் கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் ஞாயிறு ஏழு பேரை எடுத்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், பேனரைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்ட அதே பேரன். ஒரு பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க அய்யா மாதிரியே இருக்கேன்” என்றார். அவர் அய்யாவுக்கு ஒரு படமும் கிடையாது.

நம்மை இருட்டடிப்பு செய்கிறார்கள் என்று மேடையில் பேசுகிறோம். உண்மைதான். அதோடு, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் மூத்தவர் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் எடுங்கள். அச்சிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். படத்தின் பின்னால் அவர் பெயர், ஊர், செய்த வேலை, ஆண்டு நான்கையும் எழுதுங்கள். அடுத்த பேரன் யாரும் பேனரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.