களத்தின் காவலர்கள் – 9: எட்டு வரை எண்ணுபவர்

'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்தவர்களுக்குக் கபிலனை நினைவிருக்கும், வேம்புலியை நினைவிருக்கும், ரங்கன் வாத்தியாரை மறக்கவே முடியாது. அந்தச் சண்டைகளில் இருவருக்கும் நடுவே நின்றவரின் முகம் யாருக்காவது நினைவிருக்கிறதா?

2024 பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டைக்கு இன்னொரு கபிலன் போனார். லெப்டினன்ட் கர்னல் கபிலன் சாய் அசோக், தமிழ்நாட்டைச் சேர்ந்த ராணுவ அதிகாரி. அவர் போனது நடுவர் குழுவில் ஒருவராக. அப்போது அவருக்கு வயது 32. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மிக இளைய நடுவர் என்று செய்திகள் வந்தன. படத்துக் கபிலனைத் தெரிந்த அளவுக்கு இந்தக் கபிலனை நமக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கொல்லிமலையில், குண்டனி நாட்டில் இருந்து இதைப் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இந்த வேலை எட்டுமா? எட்டும் என்றே சொல்வேன். வீரர் ஆக வேண்டுமானால் சின்ன வயதிலேயே ரிங், பயிற்சியாளர், சத்தான சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அது இன்னும் கடினம். நடுவராவதற்கு இருபது வயதுக்கு மேல் தொடங்கினாலும் போதும். பதக்கம் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் சில மாதங்களாவது கிளவ்ஸ் மாட்டி அடி வாங்கிப் பார்த்தவருக்கு, எந்த அடி உள்ளே இறங்கியது, எது கையில் பட்டு நின்றது என்பது சீக்கிரம் புரியும்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கயிற்றுக்குள் நிற்பவர் ரெஃப்ரி. ரிங்கைச் சுற்றி உட்கார்ந்து புள்ளி போடும் ஐந்து பேர் ஜட்ஜ்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் ஒரே ஆள் இரண்டையும் கற்க வேண்டும். இந்தச் சண்டைக்கு ரெஃப்ரி என்றால் அடுத்த சண்டைக்கு ஜட்ஜ்.

ரெஃப்ரி வாய் திறந்து சொல்லும் கட்டளைகள் மூன்றே: 'பாக்ஸ்', 'ஸ்டாப்', 'பிரேக்'. பிரேக் என்றால் இருவரும் ஓரடி பின்னால் நகர்ந்த பிறகுதான் மறுபடி குத்தலாம். ஒருவர் விழுந்தால் மற்றவரை நடுநிலை மூலைக்கு அனுப்பிவிட்டு, நொடிக்கு ஒன்றாக, விரல்களைக் காட்டி எண்ண வேண்டும். விழுந்தவர் உடனே எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணியே தீர வேண்டும். அந்த எட்டு நொடிதான் ரெஃப்ரிக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் வீரரின் கண்ணைப் பார்க்க வேண்டும், கால் தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும், சண்டை தொடரலாமா என்று முடிவெடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியோடு ரிங்குக்குள் ஏறக் கூடாது, கான்டாக்ட் லென்ஸ் போடலாம் என்பது நெடுநாள் விதி. பார்வைக் குறை உள்ளவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணத் தவறினால் என்ன ஆகும்? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் சடோஷி ஷிமிசு, அஜர்பைஜான் வீரரைக் கடைசி ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். துர்க்மெனிஸ்தான் ரெஃப்ரி ஒரு முறைகூட எண்ணவில்லை. விழுந்தவரே வென்றதாக அறிவித்தார்கள். ஜப்பான் முறையிட்டது. மூன்று முறையாவது எண்ணியிருக்க வேண்டும், அப்படி எண்ணியிருந்தால் சண்டை அங்கேயே நின்றிருக்கும் என்று முடிவு மாற்றப்பட்டது. ரெஃப்ரி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அதே லண்டனில் நம் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றார்; சில மணி நேரத்தில் அது 13-15 தோல்வியாக மாறியது. மூன்றாவது ரவுண்டில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்து வைத்தார், இரண்டாவது ரவுண்டில் பல்காப்பை வேண்டுமென்றே துப்பினார், ரெஃப்ரி தர வேண்டிய எச்சரிக்கைகளைத் தரவில்லை என்றது மேல்முறையீட்டுக் குழு. நமக்கு அன்று கோபம் வந்தது. ஆனால் ரெஃப்ரி உரிய நேரத்தில் எச்சரித்திருந்தால் விகாஸ் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டிருப்பார் அல்லவா? கண்டிக்காத ரெஃப்ரி இரண்டு வீரர்களுக்கும் அநியாயம் செய்கிறார்.

இவை பதக்கத்தோடு போனவை. உயிரையே பறித்த தவறும் உண்டு. 1962 மார்ச் 24, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். எமில் கிரிஃபித்துக்கும் பென்னி பாரட்டுக்கும் உலகப் பட்டச் சண்டை. பன்னிரண்டாவது ரவுண்டில் பாரட் மூலையில் சிக்கினார். கை தூக்க முடியாத நிலையில் அடிமேல் அடி விழுந்தது. ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன் அனுபவசாலி, பேர் பெற்றவர். அவர் குறுக்கே பாய்ந்தபோது நேரம் கடந்திருந்தது. பத்து நாள் கழித்து பாரட் இறந்தார். விதிநூல் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாலும் இந்த ஒரு முடிவைச் சரியான நொடியில் எடுக்கத் தெரியாதவர் ரெஃப்ரி ஆகக் கூடாது என்பது என் கருத்து. கூட்டம் கத்தட்டும், மூலையில் இருக்கும் பயிற்சியாளர் திட்டட்டும். கொஞ்சம் முன்னதாக நிறுத்தியதற்காகத் திட்டு வாங்கும் ரெஃப்ரியை நான் மதிக்கிறேன்.

ஜட்ஜின் கஷ்டம் வேறு வகை. செம்மேட்டில் ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி பார்த்திருப்பீர்கள். அம்பு போய்ப் பலகையில் குத்தி நிற்கும். யார் வேண்டுமானாலும் கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குத்துக்கு அப்படி ஒரு பலகை இல்லை. பட்ட மறுகணம் அது ஜட்ஜின் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது.

எதைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு வரையறை உண்டு. மூடிய கிளவ்ஸின் முட்டிப் பகுதியால், தலையின் அல்லது உடம்பின் முன்புறமோ பக்கவாட்டிலோ, இடுப்புப் பட்டைக்கு மேலே, தடையில்லாமல், உடல் பலத்தோடு இறங்கிய அடி. தட்டியது, உரசியது சேராது. ரவுண்டு முடிந்ததும் நன்றாகச் செய்தவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் தெளிவாக ஆதிக்கம் செலுத்தியிருந்தால் மற்றவருக்கு 8. அடியின் தரமும் எண்ணிக்கையும் முதலில். பிறகு, சண்டையை யார் தன் போக்கில் நடத்தினார் என்பது.

இந்தக் கணக்கு புரியாமல்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோமின் தோல்வியை நாம் திகைப்போடு பார்த்தோம். கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் முதல் ரவுண்டை ஐந்து ஜட்ஜ்களின் கணக்கில் 1-4 என்று இழந்தார். அடுத்த இரண்டு ரவுண்டுகளையும் 3-2 என்று எடுத்தார். மூன்றில் இரண்டு வென்றவர் தோற்றது எப்படி? ரவுண்டுகளை யாரும் கூட்டுவதில்லை. ஒவ்வொரு ஜட்ஜும் தான் போட்ட மூன்று ரவுண்டுப் புள்ளியைத் தனியாகக் கூட்டுகிறார். அப்படிக் கூட்டியதில் மூன்று ஜட்ஜ்களிடம் வலென்சியா முன்னால் இருந்தார். ஆக, ஒவ்வொரு ஜட்ஜின் முதல் ரவுண்டுப் புள்ளியும் கடைசி வரை கூடவே வருகிறது.

ஜட்ஜ்கள் நேர்மை தவறிய கதையும் நீளமானது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்கினார், கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தங்கம் பார்க்குக்குப் போனது, 3-2. அதற்குப் பிறகு கணினிப் பொத்தான் வந்தது: ஐந்தில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் அழுத்தினால் புள்ளி. ஏமாற்று குறையும் என்று நினைத்தார்கள். வீரர்களோ பொத்தானுக்காக ஒற்றைக் குத்து குத்தப் பழகினார்கள். 2013-ல் பத்துப் புள்ளி முறை வந்தது. 2016 ரியோவில் மறுபடி முறைகேடு. அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். இயந்திரத்தை மாற்றியும் விதியை மாற்றியும் பார்த்தாயிற்று. நல்ல மனிதர்கள் வேண்டும். அதனால்தான் பெருநகரச் சங்கங்களின் வட்டத்துக்கு வெளியே இருந்து புதிய கண்கள் வர வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

வழி இதுதான். மலையிறங்கி நாமக்கல் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். மாவட்டப் போட்டிகளை நடத்துபவர்கள் யார் என்று தெரியும். முதலில் மணி அடிக்க, நேரம் பார்க்க, எடை போடும் இடத்தில் உதவ நில்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். ஜட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து தனித் தாளில் நீங்களும் புள்ளி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் வகுப்பு, தேர்வு. அதில் தேறிச் சில போட்டிகளைப் பார்த்த பிறகு இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் தேசிய நடுவர் தேர்வு. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. அதற்கு மேல் சர்வதேசச் சான்றிதழ். பழைய உலக அமைப்பு ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் என்று தரம் பிரித்திருந்தது. அந்த அமைப்பின் அங்கீகாரத்தை 2023-ல் ஒலிம்பிக் கமிட்டி பறித்தது. 2025-ல் வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பை ஏற்றது. இந்தியாவும் அதில் இருக்கிறது. ஆகவே எந்தச் சான்றிதழ் இப்போது செல்லும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதை நம்பிப் பிழைக்க முடியாது. பயணச் செலவும் தினப்படியும் கிடைக்கும், அவ்வளவே. கபிலன் சாய் அசோக்கும் ராணுவ வேலையில் இருந்துகொண்டேதான் ஒலிம்பிக்குக்குப் போனார். பி.டி. மாஸ்டர், டீச்சர், காவலர் என்று ஒரு வேலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

மாநிலச் சங்கத்துக்கும் விளையாட்டு ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நடுவர் வகுப்புகளில் ஒன்றையாவது மலை மாவட்டங்களுக்காகத் தமிழில் நடத்துங்கள். தமிழில் எளிய விதிக் கையேடு ஒன்று அச்சிட்டு, கொல்லிமலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். ஒரு பள்ளிக்கு ஒரு பிரதி போதும்.

(தொடரும்)