மரபணுவைப் படித்தால் மட்டும் தடுப்பூசி வந்துவிடுமா?

மூளையுறையைத் தாக்கி ஒரே நாளில் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா. அதன் ஏ, சி வகைகளுக்கு மேலுறைச் சர்க்கரையைக் கொண்டே தடுப்பூசி செய்ய முடிந்தது. ‘பி’ வகையிடம் அது பலிக்கவில்லை. அதன் சர்க்கரை நம் நரம்புச் செல்களின் மேலுள்ளதைப் போலவே இருப்பதால் உடல் அதை எதிரியாக நினைப்பதில்லை. இத்தாலியின் சியனா நகரில் கைரான் நிறுவனத்தின் ஆய்வாளர் ரினோ ராப்புவோலி, மரபணு ஆய்வாளர் கிரேக் வென்டரின் குழுவோடு சேர்ந்து வேறு வழியில் போனார். கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும், ஏறத்தாழ 22.7 லட்சம் எழுத்துகளையும், முதலில் படித்தார்கள். கிருமியின் மேற்பரப்பில் இருக்கக்கூடியவை என்று சுமார் 570 புரதங்களைக் கணினி பொறுக்கித் தந்தது. அவற்றில் 350-ஐத் தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். 2000-இல் முடிவு வெளியானது: கிருமியைக் கொல்லும் எதிர்ப்பொருளைத் தூண்டியவை முப்பதுக்கும் குறைவு.

350-இலிருந்து முப்பதுக்கு இறங்கிய அந்தக் கடைசிச் சல்லடை கணினியினுடையது அல்ல. ரத்தச் சீரத்தைக் கிருமியோடு கலந்து, கிருமி சாகிறதா என்று பார்க்கும் பழைய ஆய்வகச் சோதனை அது. அத்தகைய எதிர்ப்பொருள் இருந்தவர்களை இந்நோய் அநேகமாகத் தொடவில்லை என்பதை அமெரிக்க ராணுவப் பயிற்சி வீரர்களிடம் நடந்த ஆய்வு 1969-இலேயே காட்டியிருந்தது. எது காக்கும் என்று தெரிந்திருந்ததால்தான் எதைத் தேடுவது என்றும் தெரிந்தது.

மரபணு வழி அப்படியொன்றும் புதிதாகத் தரவில்லை என்று வாதிடுவோர் உண்டு. வையத் நிறுவனம் கிருமியைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தே இதே புரதங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தது. ராப்புவோலி குழுவின் ஆய்விலிருந்து உருவாகி 2013-இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற பெக்ஸெரோ தடுப்பூசியிலும் மரபணு காட்டிய மூன்று புரதங்களோடு நியூசிலாந்துக் கிருமியின் வெளிச்சவ்வும் பழைய முறைப்படியே சேர்க்கப்பட்டது. இரண்டும் உண்மை. ஆனால் வெளிச்சவ்வு மட்டும் கொண்ட தடுப்பூசி பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கிருமியையே தடுத்தது. பரந்த பாதுகாப்புக்கு அந்தப் புரதங்கள் தேவைப்பட்டன. 2015-இல் இங்கிலாந்து பெக்ஸெரோவைக் கைக்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளில், தடுப்பூசிக்குரிய வயதினரிடம் ‘பி’ வகை நோய் சுமார் 75 சதவீதம் குறைந்தது. இதைச் சிறிய ஆதாயம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

மரபணுவை மட்டும் படிப்பதில் உள்ள சிக்கல் காசநோயில்தான் புரிகிறது. அதன் மரபணுத் தொகுதி 1998-இலேயே வெளியானது. பெரியவர்களைக் காக்கும் புதிய தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. யாருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லும் நம்பகமான ரத்த அடையாளம் காசநோய்க்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய, பிசிஜி என்ற பழைய காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை 15 ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதே விடை. கணினி நாளை நூறு காசநோய்ப் புரதங்களைச் சுட்டிக்காட்டினாலும், அந்த அடையாளம் கிடைக்கும்வரை அவற்றையும் மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில்தான் சோதிக்க வேண்டும்.