பாணை விலக்கியவரும் பாணே உணவானோரும்
மாப்பொருள் குறைந்த உணவுமுறையின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டுச் சோறு, பாண், கிழங்கு, சீனி ஆகியவற்றை ஒதுக்கி, இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு ஆகியவற்றை முதன்மையாகக் கொள்ளும் உணவுமுறை இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. அதனைப் பரிந்துரைப்போர் உடற்றொழிலியற் பிரச்சினையாக மட்டுமே அதனை நோக்குகின்றனர். முற்போக்கு வட்டாரங்களைச் சேர்ந்த நம்மவர் சிலரோ வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென்று அதனை ஒரு சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு நோக்குகளும் குறையுடையன என்பதே எமது கருத்து. இம்முறை முதன்முதலில் பெருந்தொகையான வாசகரைச் சென்றடைந்த காலத்தையும் களத்தையும் ஆராயுமிடத்து இது புலப்படும்.

1863ஆம் ஆண்டில், வில்லியம் பேண்டிங் என்பார் உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு விடுத்த கடிதமொன்றை இலண்டனிலே சிறு பிரசுரமாக அச்சிட்டு, தமது செலவிலேயே இலவசமாக வழங்கினார். (இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரடெரிக் பேண்டிங்கோடு இவரை மயங்கலாகாது.) இவர் மருத்துவரல்லர், அரச குடும்பத்தாரின் ஈமச்சடங்குகளை ஒழுங்குசெய்து வந்த வணிகக் குடும்பத்தினர். பிரசுரத்தை எழுதியபோது அவருக்கு வயது 66. உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்டில் நிறை 202 இறாத்தல். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டவும் அவரால் இயலவில்லை. படிகளிற் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. படகு வலித்துப் பார்த்தார். பசி பெருகியதேயன்றி நிறை குறையவில்லை. துருக்கிக் குளியலும் பெரும் பயன் தரவில்லை. ஈற்றிற் செவிப்புலன் மந்தமானதன் காரணமாக வில்லியம் ஹார்வி என்னும் காது வைத்தியரை நாடியபோதே வழி பிறந்தது. ஈரல் சர்க்கரையை உண்டாக்குவது பற்றிக் குளோட் பெர்னார் பாரிசில் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டிருந்த ஹார்வி, பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு கூறினார்.

அவற்றுக்கு ஈடாக அமைந்த உணவு யாது? காலையில் நான்கைந்து அவுன்சு மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வாட்டிய மீனோ. பாலும் சீனியும் சேராத தேநீர். ஓர் அவுன்சு வாட்டிய பாண். பகலில் ஐந்தாறு அவுன்சு மீன் அல்லது இறைச்சி, கிழங்கு தவிர்ந்த மரக்கறி, இரண்டு மூன்று கிண்ணம் வைன். மாலையிலும் இரவிலும் இதே போக்கு. ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 46 இறாத்தல் குறைந்தது. பாண் முதலியவற்றை முதிய குதிரைக்கு இடும் அவரைக்கு அவர் ஒப்பிட்டார்: இளமையில் ஊட்டமாவது முதுமையிற் கேடாகும் என்பது அவர் கருத்து. அவருடைய பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே மாறியது. சுவீடிய மொழியில் உணவைக் கட்டுப்படுத்தி மெலிதலைக் குறிக்கும் சொல் இன்றும் அப்பெயரடியாகப் பிறந்ததே.

பேண்டிங்கின் அனுபவம் பொய்யன்று. மாப்பொருளும் சீனியும் சமிபாட்டின் பின் குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றன. சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலின் உயர்ந்துள்ள வேளையிற் கொழுப்பிழையத்திலிருந்து கொழுப்பு வெளியேறுவது தடைப்படும். மாப்பொருள் பெரிதுங் குறையுமிடத்து ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோசன் முதலிற் செலவாகின்றது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், முதல் வாரத்தில் வியப்பூட்டும் வகையில் இறங்கும் நிறையிற் பெரும்பகுதி நீரேயாகும். அதன் பின்னர் ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்க, மூளையும் அவற்றை எரிபொருளாகக் கொள்கின்றது. புரதம் பசியைத் தணிப்பதால், உண்பவர் தம்மையறியாமலே குறைவாக உண்கின்றார். ஆனால் நீண்டகால நோக்கில் இதன் மேன்மை அத்துணை உறுதியானதன்று. 2003இல் 63 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற அமெரிக்க ஆய்வொன்றில் ஆறாம் மாதத்திற் காணப்பட்ட வேறுபாடு பன்னிரண்டாம் மாதத்திற் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கவில்லை. 2018இல் வெளியான ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் பங்குபற்றினர். ஓராண்டின் பின் மாப்பொருளைக் குறைத்தோர் சராசரியாக 6.0 கிலோகிராமும் கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோகிராமும் இழந்தனர். இவ்வேறுபாடு புள்ளிவிபரவியல் நோக்கிற் பொருட்படுத்தத்தக்கதன்று.

பேண்டிங்கின் பிரசுரம் வெளிவந்த அதே 1863இல், ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தினருள் மிகக் குறைவாக உண்போரின் நிலையை அறியும் பொருட்டு அரசாங்கம் ஒரு விசாரணையை நடத்தியது. எட்வேட் ஸ்மித் என்னும் வைத்தியர் அதனை மேற்கொண்டார். பட்டு நெசவாளர், தையற் பெண்கள், கையுறை செய்வோர், சப்பாத்துத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் ஆகியோரின் உணவு கணக்கிடப்பட்டது. பட்டினி நோய்களைத் தவிர்ப்பதற்கு வளர்ந்தோர் ஒருவருக்கு வாரமொன்றுக்குச் சராசரி 28,600 கிரெயின் காபனும் 1,330 கிரெயின் நைதரசனும் வேண்டும் என்பது அவர் வகுத்த கீழெல்லை. காபன் என்பதைப் பெரும்பாலும் பாணும் கிழங்கும் தரும் சக்தியென்றும், நைதரசன் என்பதைப் புரதமென்றும் நாம் இன்று வாசிக்கலாம். விவசாயக் குடும்பங்களுள் ஐந்திலொரு பங்கிற்கு மேற்பட்டவை முன்னதிலும், மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை பின்னதிலும் அவ்வெல்லையைக்கூட எட்டவில்லை. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) இவ்வறிக்கையை விரிவாகப் பயன்படுத்தியுள்ளார். இலண்டன் பாணிற் படிகாரம் முதலியன கலக்கப்பட்டமை பற்றிய அக்கால விசாரணையும் அந்நூலில் இடம்பெறுகின்றது.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், பாணைக் குறைத்தலே நலம் என்று ஒருவர் எழுதுகின்றார். பாணும் போதாதோரை இன்னொருவர் கணக்கெடுக்கின்றார். இதனை முரண் என்று சுட்டி அமைவது எளிது. எம்மைக் கவர்வது வேறொன்று. பேண்டிங் பெற்றதும் விவசாயக் கூலி இழந்ததும் ஒரே பொருள்: நைதரசன். மாப்பொருளைக் குறைத்தல் என்று நாம் வழங்குவது உண்மையிற் புரதத்தை வாங்குதலாகும். மாப்பொருளை விடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. அவ்விடத்தை நிரப்புவதற்கே பணம் வேண்டும். 1972இல் றொபேட் அற்கின்ஸ் தம் நூலை வெளியிட்ட பின்னர் இம்முறை ஒரு பண்டமாகவே ஆகி, மாப்பொருள் குறைத்த இனிப்புக் கட்டிகள் வரை விற்பனைக்கு வந்தன. அவர் தொடங்கிய நிறுவனம் 2005இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியமை தனிக்கதை.

எனினும், இதனாலேயே உடற்பருமனைச் செல்வர் நோயென ஒதுக்குதல் யாந்திரிகமான நோக்காகும். பிரித்தானியத் தொழிலாளருக்குச் சீனி மலிவான சக்தியாக எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளிவந்த நூலில் விளக்கியுள்ளார். மலிவான மாவும் சீனியும் வயிற்றை நிரப்புமிடத்தில், பருமனும் போசாக்கின்மையும் ஒரே வீட்டில், சிலவேளை ஒரே உடலிற்கூடக் குடிகொள்கின்றன. செல்வந்த நாடுகளில் இன்று பருமன் வறியோரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுந்து காணப்படுகின்றது. நீரிழிவுடையோர் மாப்பொருளைக் குறைத்தால் இரத்தக் குளுக்கோசு இறங்குகின்றது என்பதும் மறுக்கவியலாதது. (இன்சுலினோ மாத்திரையோ பெறுவோர் வைத்தியரின் மேற்பார்வையின்றி இதனைச் செய்தல் ஆபத்தானது.) எனவே இவ்வறிவு வறியோருக்கும் உரியதே.

ஸ்மித்தின் அறிக்கையில் இன்னுமொரு செய்தியுண்டு. விவசாயக் குடும்பங்களில் உணவுப் பற்றாக்குறையின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதுமே விழுந்தது. வேலைக்குச் செல்லும் ஆண் உண்டேயாக வேண்டியிருந்தது. நமது மலையகத் தோட்டங்களில் கோதுமை மா ரொட்டியை உண்டு கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணை இவ்விடத்து நினையாதிருக்க முடியவில்லை. 2022இன் நெருக்கடியில் முட்டையும் மீனும் பால்மாவும் எத்தனையோ வீடுகளுக்கு எட்டாமற் போயின. அப்பெண் நீரிழிவுக் கிளினிக்கிற்குச் செல்லும்போது சோற்றையும் பாணையும் ரொட்டியையும் குறைக்குமாறு கூறப்படுகின்றது. அறிவுரை பிழையன்று. குறைத்த ரொட்டியின் இடத்திற் பருப்பும் கடலையும் முட்டையும் நெத்தலியும் வைப்பதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு செலவாகும், அது அவளது நாட்சம்பளத்தில் எத்தனையிலொரு பங்கு என்ற கணக்கைத்தான் அவளுக்கு எவரும் எழுதிக் கொடுப்பதில்லை.