வாக்குச் சீட்டும் கிணற்று நீரும்

உள்ளூராட்சித் தேர்தல் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? குண்டுங் குழியுமான ஒழுங்கை, எரியாத தெருவிளக்கு, அள்ளப்படாத குப்பை, ஒழுகும் சந்தைக் கட்டடம் ஆகியனவே. இவற்றைச் சீர்செய்வதாக அபேட்சகர் நமக்கு வாக்களிக்கின்றார். நாம் அவருக்கு வாக்களிக்கின்றோம். 2018 ஆம் ஆண்டு பெப்ரவரிக்குப் பின் ஏழாண்டுகள் கழித்து, 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலிலும் நம் ஊர்களிற் பெரிதும் பேசப்பட்டவை இவையும் கட்சி அரசியலுமே. காலநிலை மாற்றம் என்பது உலக மகாநாடுகளிற் பேரறிஞர் பேசுதற்குரிய பொருள். ஒரு பிரதேச சபைக்கும் அதற்கும் யாது தொடர்பு என்பதே பலருடைய எண்ணம்.

இவ்வெண்ணத்திற் பாதி உண்மை. உலகின் வெப்பத்தைக் குறைக்க வல்லது எந்தச் சிறு சபையும் அன்று. ஆயின் அவ்வெப்பத்தின் விளைவு நம் வீட்டு முற்றத்திலும் கிணற்றிலும் எவ்வாறு வந்து இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதிற் சபைக்குப் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டையே இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

நிலத்தின் கீழுள்ள களஞ்சியம்

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும் குளிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக நாம் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களிலே தங்கிநிற்கும் மழைநீரையே. அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களில் நாம் செலவிடுவது அந்தச் சேமிப்பையே.

இந்நன்னீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் நிலத்தடி நீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொதுக் கணக்கு. அவ்வாறாயின் மேலே ஓரடி குறையுமிடத்து, கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும்ப இடமுண்டு. நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை மாணவர்கள் அறிவர். குடாநாடு முழுவதும் ஒரு பெரிய நிலாவரை என்று கருதுவதிற் பிழையில்லை.

மாரியின் வெள்ளமும் கோடையின் வரட்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் உலகின் வெப்பம் ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஒரு பாகை வெப்பம் ஏறினால், காற்றுத் தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் அதிகரிக்கும். ஆகவே பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கின்றது. கடல் மட்டமோ 1901 முதல் 2018 வரை உலகளவில் ஏறக்குறைய 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. மேலே திடீர் வெள்ளம், கீழே உயரும் கடல் என இரண்டுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது நமது நன்னீர்.

2008 நவம்பரில் நிஷா புயலும், 2020 டிசம்பரில் புரெவியும் வடபகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தின. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த ஒருவரிடம் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுவது எளிதன்று. “இந்த நீரை எப்படியாவது கடலுக்கு அனுப்புங்கள்” என்றே அவர் கேட்பார்; அது நியாயமே. சபையும் சீமெந்து வாய்க்கால் ஒன்றைக் கட்டி, நீரை நேராகக் கடலுக்கு விடும். வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடக்கும். அடுத்த தேர்தலில் வாக்கும் கிடைக்கும்.

ஆனால் மாரியிற் கடலுக்குப் போன நீரே கோடையிற் கிணற்றில் இல்லாத நீர். அந்த வெள்ளம் ஊர்க் குளத்திலே தங்கியிருந்தால் நிலத்துக்குள் இறங்கி, உவர்நீரைக் கீழே அமுக்கி வைத்திருக்கும். குடாநாட்டின் சிறு குளங்கள் ஆயிரத்தையொட்டியவை. நம் முன்னோர் அவற்றை வெட்டியது அழகுக்காக அன்று. இன்று தூர்ந்தும், குப்பை நிறைந்தும், ஓரங்கள் அடைக்கப்பட்டும் கிடக்கும் குளங்கள் பல. தூர் வாரப்பட்ட குளத்தின் பயன் சில மாரிகள் கழிந்த பின்பே கிணற்றிற் புலப்படும். சபையின் ஆயுளோ நான்கு ஆண்டுகள். வாக்கைத் தேடுபவர் வாய்க்காலை விரும்புவதும் குளத்தை மறப்பதும் இதனாலேயே. குற்றம் அவர்மேல் மட்டுமன்று. குளத்தைப் பற்றி ஒருவரும் கேளாதபோது அவர் ஏன் பேசப்போகிறார்?

சபையால் ஆவதும் ஆகாததும்

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், தெருக்கள் ஆகியவற்றைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. வெள்ளவாய்க்கால் எவ்வழியே போகவேண்டும், குப்பை எங்கே கொட்டப்படவேண்டும் என்பவை இவற்றுள் அடங்கும். புதிய கட்டடத்தின் வரைபடத்தை அங்கீகரிக்கும்போது, மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் உண்டா என்று பார்ப்பதும் சபையின் பொறுப்பே. பெரிய நீர் வழங்கல் திட்டங்களும், எல்லாக் குளங்களும் சபையின் கையில் இல்லை என்பது உண்மை. எனினும் மற்றைத் திணைக்களங்களோடு வாதாடி ஊருக்காகக் கேட்கும் உரிமை அதற்குண்டு.

2024 ஓகஸ்டிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் வினவலாம். குடிநீருக்கு அது பேருதவியே. ஆயினும் மின்சாரத்தைச் செலவிட்டு உப்பு நீக்கிய நீரை வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சத் தோட்டக்காரருக்குக் கட்டுமா? தோட்டத்துக்குக் கிணறே கதி.

கான்சஸ் தரும் பாடம்

சிற்றூர்ச் சபை இத்தகைய பணிகளைத் தாங்குமா என்னும் ஐயத்துக்கு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஊர் ஒன்று விடையளிக்கின்றது. கிறீன்ஸ்பேர்க் என்பது அதன் பெயர். கையாலே 109 அடி ஆழத்துக்குத் தோண்டப்பட்ட பெருங்கிணற்றாற் பேர்பெற்ற அவ்வூரில், 2000 ஆம் ஆண்டில் 1,574 பேர் வாழ்ந்தனர். 2007 மே 4 ஆம் திகதி இரவு வீசிய சுழற்காற்று ஊரின் 95 சதவீதத்தை அழித்தது. கூடாரங்களிலே கூடி ஆலோசித்த மக்கள் பசுமை நெறியில் ஊரை மீளக் கட்டலாம் என்றனர். அவர்களுடைய சபையும் பொதுக் கட்டடங்களை மின்சக்தி மிகக் குறைவாகச் செலவாகும் வகையிற் கட்டத் தீர்மானித்தது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றாலைகள் தருகின்றன.

அது பழமை பேணும் விவசாயிகளின் நாடு; காலநிலை மாற்றம் என்ற சொல்லையே விரும்பாதவர் அங்கே மிகுதி. 2008 இல் மேயரான பொப் டிக்சன், நிலத்தைப் பேணுவது முன்னோர் வழியென்றும், சிக்கனம் என்றும் மக்களுக்கு விளங்கும் சொற்களாற் பேசினார். பல ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார். ஊரை விட்டுப் போனவரிற் பலர் திரும்பவில்லை. 2010 இல் அங்கிருந்தோர் 777 பேரே. சபையின் தீர்மானம் எல்லாத் துயரையும் துடைக்கவில்லை. ஆனால் எஞ்சியோர்க்கு நிலையான ஓர் ஊரைத் தந்தது.

நாம் கேட்க வேண்டியவை

நம் அபேட்சகரிடமும் பெரிய சொற்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வட்டாரத்துக் குளங்கள் எத்தனை, அவற்றுள் நீர் வந்து சேரும் வழி திறந்திருக்கின்றதா? புதிய வாய்க்கால் குளத்துக்குப் போகுமா, கடலுக்குப் போகுமா? வாய்க்காலை மறித்துக் கட்டியவர் தம் கட்சிக்காரராயினும் சபை அதனை அகற்றுமா? இம்மூன்று வினாக்களும் போதும். விடை சொல்லத் தெரியாதவர் வீடு சென்று அறிந்துவரட்டும்.

கேட்பவர் தம்மையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். முற்றம் முழுவதும் சீமெந்து பூசி, கூரைநீரை ஒழுங்கைக்கு விடுபவர் சபையைக் குறைகூறுவது அழகன்று. உயர் வகுப்பு மாணவர்கள் தத்தம் வட்டாரத்துக் குளங்களையும் வாய்க்கால்களையும் வரைபடமாக்கிப் பெற்றோர் கையிற் கொடுப்பார்களாயின், அதனிலும் சிறந்த தேர்தற் பிரசுரம் வேறில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது முதுமொழி. இப்போதைய சபைகளின் தவணை முடிவதற்கு இன்னும் சில மாரிகள் உள. அவற்றின் நீர் எங்கே போகின்றது என்று இன்றே கேட்கத் தொடங்குவோமாக.