துரியோதனன் பக்கத்துக் கதை



திருத்தணி மலைக்கு அண்மையில் உள்ள கே.ஜி.கண்டிகை என்னும் சிற்றூர் என் ஊர். ஆந்திர எல்லை அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் நாளன்றுதான் திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலால் எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கைகோத்தே நடக்கும். கோடை வந்துவிட்டால் சுற்றுப்புற ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா தொடங்கிவிடும். பகலில் பாரதச் சொற்பொழிவு நடைபெறும். இரவில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெறும்.

அவ்விழாவின் இறுதிக் கட்டம் துரியோதனன் படுகளம். திறந்த வெளியில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் பேருருவாகத் துரியோதனனை அமைத்திருப்பார்கள். காலை வெயிலில் வீமனும் துரியோதனனும் அவ்வுருவைச் சுற்றிச் சுற்றி வந்து போர் புரிவார்கள். தொடை பிளக்கப்படும். பாஞ்சாலி தன் சபதம் முடித்துக் கூந்தலை முடிந்துகொள்வாள். கூடியிருக்கும் மக்கள் கைகூப்புவார்கள். அதன்பின் துரியோதனனின் மனைவியாகிய பெருந்திருவாள் அந்த மண்ணுருவின் அருகே வந்து மார்பில் அடித்துக்கொண்டு புலம்புவாள்.

நான் சிறுவனாக இருந்தபோது என் ஆயா அப்புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் வடித்ததைக் கண்டேன். எனக்கு வியப்பாக இருந்தது. "ஏன் ஆயா அழுகிறாய்? அவன் கெட்டவன்தானே?" என்று கேட்டேன். "கெட்டவன்தான்டா. அவன் செத்ததற்கா அழுகிறேன்? அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?" என்றாள் ஆயா. அன்று அந்த விடை எனக்கு விளங்கவில்லை. இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்த விடைதான்.

கதையில் தீயவனாக வருபவனின் பக்கம் நின்று அக்கதையை மீண்டும் சொல்லுவது இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள ஒரு முறை. மூன்று பன்றிக்குட்டிகளின் வீட்டை ஊதித் தள்ளிய ஓநாயின் கதையைச் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஷெஸ்கா 1989-இல் அக்கதையை ஓநாயின் வாயிலாகவே சொல்லவைத்தார். பாட்டிக்குப் பணியாரம் செய்யச் சர்க்கரை இரவல் கேட்கப் போனதாகவும், சளி பிடித்திருந்ததால் வந்த தும்மலில் வீடு விழுந்துவிட்டதாகவும் சிறையிலிருந்தபடி ஓநாய் வாதாடுகிறது. படிப்பவர் சிரிப்பர். ஆயினும் பன்றிகளைத் தின்றதை அந்த ஓநாயும் மறுக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். செயல் மாறவில்லை, செயலுக்குச் சொல்லப்படும் காரணமே மாறியிருக்கிறது.

இம்முறை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. தி. கணபதி சாஸ்திரியார் 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த பழைய வடமொழி நாடகங்களுள் 'ஊருபங்கம்' என்பது ஒன்று. பாசருடையது என்று போற்றப்படும் அந்நாடகத்தின் தலைவன் துரியோதனனே. தொடை முறிந்து கிடக்கும் அவனிடம் அவன் சிறு மகன் ஓடி வருகிறான். வழக்கம்போலத் தந்தையின் மடியில் ஏற முயல்கிறான். அரியணைக்காக உலகையே போரில் இழுத்துவிட்டவனுக்குத் தன் மகனை அமர்த்திக்கொள்ள மடி இல்லை! அந்நிலையில் அவன் பழிவாங்கச் சொல்லவில்லை. பாண்டவர்க்குப் பணிந்து நடக்குமாறே மகனுக்கு அறிவுரை கூறுகிறான். துரியோதனன் குற்றமற்றவன் என்று நாடகம் வாதிடவில்லை. குற்றத்தின் விலையை அவன் கண்களாலேயே நம்மைக் காணச் செய்கிறது; அவ்வளவே.

எல்லைக்கு அப்பாலும் இதே போக்கைக் காணலாம். 1977-இல் வெளிவந்த 'தான வீர சூர கர்ணா' என்னும் தெலுங்குத் திரைப்படத்தை இயக்கிய என்.டி. ராமராவ், அதில் கண்ணன், கர்ணன், துரியோதனன் ஆகிய மூன்று வேடங்களையும் தாமே ஏற்றார். ஒரே முகம் இரு பக்கமும் நின்று பேசியது.

தமிழ்நாட்டில் இம்முறை ஒருகால் அரசாங்கத்தையே அசைத்தது. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இராவணனைத் தமிழ் மன்னனாகவும் காப்பியத் தலைவனாகவும் நிறுத்திய நூல் அது. 1948-இல் சென்னை அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஒரு காப்பியம் பூட்டுக்குள் கிடந்தது. இந்நூல் ஓநாயின் கதையைப் போன்றதன்று. காரணங்களோடு நில்லாமல் நிகழ்ச்சிகளையும் பாத்திரங்களின் இயல்பையுமே மாற்றி அமைப்பது. அதனோடு உடன்படுவாரும் உளர், மாறுபடுவாரும் உளர். மாறுபடுவோர் கம்பரை எடுத்துக் காட்டி வாதிடலாம். மற்றொரு காவியமே பாடலாம். ஆனால் பூட்டு எந்த வாதத்துக்கும் விடையாகாது. இன்று ஒரே நூலக அலமாரியில் கம்பராமாயணமும் இராவண காவியமும் இருக்கக் காண்கிறோம். ஒன்றால் மற்றொன்று அழிந்துவிடவில்லை.

இவ்விடத்தில் உங்களுள் சிலர் ஒரு வினா எழுப்பக்கூடும். "தீயவனுக்கும் ஒரு நியாயம் உண்டென்றால், தீமையைத் தீமை என்று சொல்வது எங்ஙனம்?" தக்க வினாவே. இதற்குத் தெருக்கூத்து நல்ல விடை தருகிறது. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வருவான். திரை விலகியதும், கட்டியங்காரன் வினவ, தன் பெயரையும் குலத்தையும் நாட்டையும் தானே எடுத்துரைப்பான். தன் மனக்குறையையும் தானே சொல்லுவான். அவனுக்கு முழு இடமும் அளிக்கப்படுகிறது. ஆனால் அதே களத்தில் பாஞ்சாலி துகில் உரியப்படுவதையும் அதே மக்கள் காண்கிறார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கூத்து மறைப்பதில்லை. படுகளத்தில் சிந்தும் கண்ணீர் விடுதலைத் தீர்ப்பன்று. தீர்ப்பு முடிந்த பிறகும் எஞ்சி நிற்கும் மனிதர்களுக்கான கண்ணீர் அது.

நூலிலும் மேடையிலும் மட்டுமே இது வேண்டப்படுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியனாக நான் பணியாற்றிய காலத்தில் ஒரு மாணவன் நூலகப் புத்தகத்திலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து எடுத்துவிட்டான். நான் அவனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. வகுப்பின் முன் நிறுத்தி, நம்பத் தகாதவன் என்று கடிந்துரைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் மற்றப் பிள்ளைகள் அவனைத் 'தாள் திருடன்' என்றே அழைத்தார்கள். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டிலிருந்த தன் தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவே அத்தாள்களை அவன் கொண்டுபோனான் என்பது நெடுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. அவன் செய்தது தவறுதான், அதில் ஐயமில்லை. ஆனால் நான் அன்று ஒரு வினா கேட்டிருந்தால், கிழிந்த புத்தகத்துக்கு அவனைப் பொறுப்பாக்கியிருப்பேன். அவன் தங்கைக்கு வேறொரு புத்தகமும் கிடைத்திருக்கும். காரணம் அறிவது குற்றத்தை அழிப்பதற்கன்று. மருந்து எங்கே தேவைப்படுகிறது என்று காண்பதற்கே.

ஆகவே, தீயவன் பக்கமிருந்து எழுதப்பட்ட கதை உங்கள் கைக்கு வரும்போது இரண்டு வினாக்களைக் கேளுங்கள். அவன் செய்ததை இக்கதை மறைக்கிறதா? அவனால் துன்புற்றவரின் குரலை அடக்குகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்பதே விடையானால், அக்கதை உங்கள் உள்ளத்தை விரிவாக்கும். 'ஆம்' என்பது விடையானால், பழைய கதை ஒருவனுக்குச் செய்த அநீதியைப் புதிய கதை வேறொருவர்க்குச் செய்கிறது என்று அறியுங்கள்.

எங்கள் மலையின் பெயரே இதை நினைவூட்டுவதாக எனக்குத் தோன்றும். சூரபன்மனோடு செய்த போரின் சினம் முருகனுக்குத் தணிந்த இடம் ஆதலின் இது 'செருத்தணி' ஆயிற்று என்பர். கந்த சஷ்டியின்போது திருச்செந்தூரில் சூரசங்காரம் பெருவிழாவாக நடைபெறுகிறது. திருத்தணியில் அது நடைபெறுவதில்லை. புராணத்தின்படி அந்தச் சூரனும் அழிந்தொழியவில்லை. சேவலாய்க் கொடியிலும், மயிலாய் ஊர்தியிலும் முருகனோடு என்றும் இருக்கிறான். சினம் தணிந்த பிறகுதான் பகைவன் சொல்வது காதில் விழும். கதை கேட்பதற்கும் அந்தத் தணிவே வேண்டும்.