கரும்புக்குள்ளே ஒரு புல்!

கள்ளக்குறிச்சிப் பக்கம் போயிருக்கிறீர்களா? அறுவடைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்கு டிராக்டர் டிராக்டராகக் கரும்பு போகும். பொங்கலுக்கு நாம் கடிக்கிற கறுப்புக் கரும்பு அல்ல, இது ஆலைக் கரும்பு. இதற்குள் ஒரு காட்டுப் புல் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

அந்தப் புல்லின் பெயர் பேய்க்கரும்பு. ஆற்றோரம் தானாக முளைக்கும். ஒல்லிக்குச்சி, சாறும் குறைவு. ஆனால் நோய், வறட்சி எதற்கும் அசராது! தடித்த, இனிப்பான கரும்போ சீக்கிரம் வாடிவிடும். இரண்டையும் 'கலியாணம்' செய்து வைத்தால்? 1912-ல் தொடங்கிய கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அதைத்தான் செய்தார்கள். பிறந்தது புது ரகக் கரும்பு!

1934-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "எனக்குப் படிப்புதான்" என்று அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! செலவுக்கு என்ன செய்தார்? ஆசியப் பெண்கள் படிப்பதற்காக பார்பர் என்பவர் ஏற்படுத்திய உதவித்தொகை கைகொடுத்தது. 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

செடியின் உயிரணுவுக்குள் நூல் துண்டு மாதிரி குரோமோசோம்கள் இருக்கும். மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24, தடித்த இனிப்புக் கரும்புக்கு 80! இவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவதுதான் ஜானகி அம்மாளின் வேலை. எந்தச் செடிக்கு எது சொந்தம் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கரும்பை மக்காச்சோளத்தோடுகூட சேர்த்துப் பார்த்தார்!

1940-ல் லண்டனில் ஜான் இன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நேரம். ராத்திரி குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் பதுங்குவாராம். காலையில் உடைந்த கண்ணாடியைத் தள்ளிவிட்டு மறுபடி வேலை! 1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பட்டியலிட்டுப் பெரிய புத்தகம் வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1984-ல் காலமானார்.

2018-ல் அதே ஜான் இன்ஸ் மையம், வளரும் நாடுகளிலிருந்து வந்து செடிகளை ஆராயும் மாணவர்களுக்காக ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர், ஜானகி அம்மாள்! உதவித்தொகையில் கடல் கடந்தவர் பெயரிலேயே ஓர் உதவித்தொகை. நம் மத்திய அரசும் 1999-ல் தாவர வகைப்பாட்டு ஆய்வுக்கு அவர் பெயரில் தேசிய விருது ஏற்படுத்தியது.

கடைசிக் காலத்தில் அவர் தேடிப் போனது மூலிகைகளையும், மலைவாழ் மக்களின் செடி அறிவையும். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் பாட்டிகளுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுசாக இல்லையே!

உங்களுக்கும் ஆசையா? கீழே விழுந்து கிடக்கும் இலையை எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை அடுக்குங்கள். தினமும் பேப்பரை மாற்றுங்கள். காய்ந்ததும் நோட்டில் ஒட்டி, தேதி, ஊர், பாட்டி சொன்ன பெயர் மூன்றையும் எழுதுங்கள். விதைக்கும் இலைக்கும் வாயில் வேலை இல்லை, சரியா?