அருவியும் அணைக்கட்டும்

தென்காசிக்கு மேற்கே திரிகூட மலையினின்று வீழும் குற்றால அருவியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அந்நீர் சிற்றாறாகி ஓடும் வழியைக் கண்டோர் சிலரே. வழியில் அமைந்த அணைக்கட்டுகள் நீரைக் கால்வாய்களிற் செலுத்திக் குளங்களை நிரப்புகின்றன; குளங்கள் நிறைந்தால் வயல்கள் விளைகின்றன. எஞ்சிய நீர் சீவலப்பேரி அருகே தாமிரபரணியிற் கலக்கின்றது. இளைஞரிடம் இயல்பாக அமைந்த விளையாட்டுத் திறன் அருவியை ஒக்கும். குறிக்கோள் அணைக்கட்டை ஒக்கும்.

குறிக்கோள் என்பது வெறும் ஆசையன்று. 'நாட்டுக்காக ஓடுவேன்' என்பது ஆசை. 'நூறு மீட்டர் தொலைவை இன்று 12.4 வினாடியில் ஓடுகிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் 12.1 வினாடியில் ஓடுவேன்' என்பதே குறிக்கோள். அதற்கு அளவும் காலமும் வேண்டும். வெற்றி எதிராளியின் திறனையும் பொறுத்தது. ஆதலின், அது முழுதும் நம் கையில் இல்லை. நாள்தோறும் பயில்வதும், வேளையில் உறங்குவதும், பயிற்சியைக் குறிப்பேட்டில் எழுதுவதும் நம் கையில் உள்ளன.

தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவிற்பட்டியைப் பாருங்கள். அங்குள்ள அரசின் ஹாக்கி விடுதியிற் பயின்ற மாரீசுவரன், கார்த்தி ஆகிய இருவரும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் ஆடினர். அவ்வணி வெண்கலப் பதக்கம் வென்றது.

விளையாட்டு, கல்லூரிக் கதவையும் திறக்க வல்லது. தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. கலைக் கல்லூரிகள் பலவும் வீரர்க்கு இடம் தருகின்றன. அமெரிக்க நாட்டில் கல்லூரிப் பயிற்சியாளரே நல்ல வீரரைத் தேடிச் செல்வர். நம் நாட்டிலோ பெரும்பாலும் மாணவரே சான்றிதழுடன் கல்லூரியை நாடிச் செல்லவேண்டும்.

யான் கற்பித்த மாணவன் ஒருவன் மாவட்டப் போட்டியில் நீளந்தாண்டி முதலிடம் பெற்றான். சான்றிதழை மட்டும் கேட்டு வாங்கவில்லை. ஈராண்டு கழித்துக் கல்லூரியில் வினவியபோது, காட்டுதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. இடம் வேறொருவனுக்குச் சென்றது. "ஐயா, தாண்டியவன் நான்தானே!" என்று கண்கலங்கினான். யான் மறுமொழி கூற இயலாது நின்றேன். உரிய காலத்தில் அவனுக்கு அறிவுறுத்தாத குற்றம் எனக்கும் உண்டன்றோ?

ஆதலின், மாணவர்களே! போட்டி முடிந்த அன்றே சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள். பெயரும் நாளும் பிழையின்றி உள்ளனவா எனப் பார்த்துப் படியெடுத்து வையுங்கள். சேரவிரும்பும் கல்லூரியின் தேர்வு நாளை உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். படிப்பையும் கைவிடாதீர்கள், காலில் அடிபட்டு ஆட இயலாத நாளிலும் துணைநிற்பது அதுவே. இன்றிரவே குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஓர் அளவையும் ஒரு நாளையும் எழுதுங்கள். நாளை விடியலில் திடலுக்குச் செல்லுங்கள்.